விசை சரி, பேனல் தவறு: பிரீமியரில் பல ப்ராஜெக்டுகளைத் திறந்து எடிட் செய்யும்போது

பிரீமியர் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில், மூல ஷாட்டைப் பார்க்கும் சோர்ஸ் மானிட்டரில் ஒரு ஷாட்டை நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தேவையான இடத்தில் தொடக்கக் குறியான இன்னுக்கு 'ஐ' அழுத்துகிறீர்கள், கொஞ்சம் தள்ளி முடிவுக் குறியான அவுட்டுக்கு 'ஓ' அழுத்துகிறீர்கள். சோர்ஸில் எந்தக் குறியும் விழவில்லை. கீழே ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் எக்ஸ்போர்ட்டுக்காகக் குறித்து வைத்திருந்த இன், அவுட் இரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன. கீபோர்டிலும் பழுதில்லை, மென்பொருளிலும் பழுதில்லை. ஃபோகஸ், அதாவது விசைகளை வாங்கிக்கொள்ளும் இடம், டைம்லைனில் இருந்தது, அதனால் இரண்டு விசைகளும் அங்கே போய்ச் சேர்ந்தன.

அடோபி பிரீமியர் புரோவில் ஒரு ஷார்ட்கட் என்ன செய்யும் என்பது விசையைப் பொறுத்தது மட்டுமல்ல, அந்த நேரத்தில் திரையின் எந்தப் பகுதி, அதாவது எந்த பேனல், செயலில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட ப்ராஜெக்டுகள் திறந்திருந்தால் இதோடு இன்னொன்றும் சேரும்: அந்த பேனல் எந்த ப்ராஜெக்டுக்குச் சொந்தமானது? பல ப்ராஜெக்டுகளை ஒரே நேரத்தில் திறக்கும் வசதி 2017 அக்டோபரில் வந்த 2018 பதிப்பில் சேர்ந்தது. கல்யாண வீடியோவில் முகூர்த்தம், ரிசப்ஷன், டீசர் மூன்றையும் தனித்தனி ப்ராஜெக்டாக வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கும், லோகோ, டைட்டில், சவுண்ட் எஃபெக்ட் எல்லாவற்றையும் ஒரு பொது ப்ராஜெக்டில் சேர்த்து வைத்து ஒவ்வொரு எபிசோடுக்கும் எடுப்பவர்களுக்கும் இது பெரிய வசதி. ஆனால் ஃபோகஸ் எங்கே இருக்கிறது என்று கவனிக்காமல் வேலை செய்தால் இதே வசதி அரை நாள் வேலையைக் கெடுத்துவிடும்.

இனி விண்டோஸ் விசைகளைத்தான் சொல்கிறேன். மேக்கில் பெரும்பாலும் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன்.

செயலில் இருக்கும் பேனலைச் சுற்றி மெல்லிய நீலக் கோடு ஒன்று இருக்கும். பெரிய மானிட்டரில் அது கண்ணில் படவே படாது. அதனால் கோட்டைத் தேடிப் பார்ப்பதைவிட ஃபோகஸை நாமே விசையால் கொண்டுபோய் வைப்பதுதான் நம்பகமான வழி. ஷிஃப்ட்+1 ப்ராஜெக்ட் பேனல், ஷிஃப்ட்+2 சோர்ஸ் மானிட்டர், ஷிஃப்ட்+3 டைம்லைன், ஷிஃப்ட்+4 புரோகிராம் மானிட்டர், ஷிஃப்ட்+5 எஃபெக்ட் கண்ட்ரோல்ஸ், ஷிஃப்ட்+6 ஆடியோ ட்ராக் மிக்சர், ஷிஃப்ட்+7 எஃபெக்ட்ஸ், ஷிஃப்ட்+8 மீடியா பிரவுசர். எட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 1, 2, 3, 5 நான்கும் விரலில் ஏறிவிட்டாலே முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மவுஸால் கிளிக் செய்தாலும் ஃபோகஸ் மாறத்தானே செய்கிறது என்று கேட்கலாம். மாறும், ஆனால் கூடவே வேறொன்றும் நடந்துவிடும். டைம்லைனில் வெற்றிடத்தில் கிளிக் செய்தால் தேர்ந்தெடுத்து வைத்த கிளிப்புகள் எல்லாம் விடுபட்டுவிடும். நேரம் காட்டும் ரூலர் மேல் பட்டால், இப்போது நிற்கும் இடத்தைக் காட்டும் பிளேஹெட் நகர்ந்துவிடும். புரோகிராம் மானிட்டரில் பட்டால் அங்கே இருக்கும் டைட்டில் தேர்வாகிவிடும். ஷிஃப்ட்+எண் முறையில் இந்தப் பக்க விளைவு எதுவும் இல்லை.

ஷிஃப்ட்+3-ல் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டைம்லைன் ஏற்கெனவே ஃபோகஸில் இருக்கும்போது அதையே மறுபடி அழுத்தினால், திறந்திருக்கும் அடுத்த சீக்வென்ஸுக்கு (டைம்லைனில் அடுக்கிய ஒரு தனி எடிட்டுக்கு) தாவும். ஒரே ப்ராஜெக்டில் இது வரம். மூன்று ப்ராஜெக்டிலிருந்து ஆறு சீக்வென்ஸ் திறந்திருந்தால், 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டு முறை தட்டியவர் வேறு ப்ராஜெக்டின் சீக்வென்ஸில் போய் நிற்பார். ஒரு முறை தட்டிவிட்டு டேபில் இருக்கும் பெயரைப் பாருங்கள். அந்தப் பெயர் உதவ வேண்டுமென்றால் எல்லா ப்ராஜெக்டிலும் 'சீக்வென்ஸ் 01', 'ஃபைனல்' என்று வைக்கக் கூடாது. 'முகூர்த்தம் முழுநீளம்', 'ரிசப்ஷன் முழுநீளம்' என்று ப்ராஜெக்டின் அடையாளம் பெயரின் முதல் சொல்லிலேயே இருக்கட்டும். டேப் சுருங்கும்போது பெயரின் பின்பகுதிதான் முதலில் வெட்டுப்படும்.

எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் சாய்குறி விசை பேனலைத் திரை முழுக்க விரிக்கும் என்பது பலருக்கும் தெரியும். அது மட்டும் ஃபோகஸைப் பார்ப்பதில்லை, மவுஸ் அம்பு எந்த பேனல் மேல் இருக்கிறதோ அதை விரிக்கும். ஃபோகஸில் இருக்கும் பேனல் விரிய வேண்டுமென்றால் ஷிஃப்டோடு சேர்த்து அழுத்த வேண்டும். மவுஸ் சக்கரமும் அப்படித்தான், அம்பு இருக்கும் இடத்தைத்தான் உருட்டும். கண் ஒரு பேனலில், அம்பு இன்னொன்றில், ஃபோகஸ் மூன்றாவதில் என்று மூன்றும் பிரிந்து நிற்பது எடிட்டிங்கில் அன்றாடம் நடப்பது.

எந்தெந்த விசை பேனலுக்குத் தகுந்தாற்போல் மாறும் என்று பார்ப்போம். ஆபத்தில் முதலிடம் டெலிட் விசைக்கு. டைம்லைனில் அது தேர்ந்தெடுத்த கிளிப்பை நீக்கும். எஃபெக்ட் கண்ட்ரோல்ஸில் ஒரு எஃபெக்டோ கீஃபிரேமோ (எஃபெக்டின் அளவைக் குறித்து வைத்த புள்ளி) தேர்வாகி இருந்தால் அதை நீக்கும். ப்ராஜெக்ட் பேனலில் கிளிப்பையே ப்ராஜெக்டிலிருந்து எடுத்துவிடும். அந்த கிளிப் ஏதாவது சீக்வென்ஸில் பயன்பட்டிருந்தால் பிரீமியர் எச்சரிக்கும். எச்சரிக்கையைப் படிக்காமல் என்டர் தட்டினால் டைம்லைனில் அது இருந்த இடமெல்லாம் காலியாகிவிடும். ஹார்ட் டிஸ்கில் இருக்கும் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கட் போய்விடும். அதனால் டெலிட்டுக்கு முன் ஷிஃப்ட்+3 என்பதை ஒரே அசைவாகப் பழக்கிக்கொள்வது நல்லது.

அம்பு விசைகள் டைம்லைனில் பிளேஹெட்டை நகர்த்தும், ப்ராஜெக்ட் பேனலில் தேர்வை நகர்த்தும். கண்ட்ரோல்+ஏ ஃபோகஸ் இருக்கும் பேனலில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும். கண்ட்ரோல்+எஃப் ப்ராஜெக்ட் பேனலில் கிளிப்பைத் தேடும், டைம்லைனில் சீக்வென்ஸுக்குள் தேடும். ஹோம் விசை டைம்லைனில் சீக்வென்ஸின் தொடக்கத்துக்கும், சோர்ஸில் அந்த ஷாட்டின் தொடக்கத்துக்கும் போகும். இவையெல்லாம் சின்ன எரிச்சல்கள், உடனே தெரிந்துவிடும்.

உடனே தெரியாமல் பிறகு கழுத்தறுப்பது கண்ட்ரோல்+எம். எக்ஸ்போர்ட்டுக்கு எது போகிறது என்பதையும் ஃபோகஸ்தான் தீர்மானிக்கிறது. டைம்லைனில் ஃபோகஸ் இருந்தால் அந்த சீக்வென்ஸ் போகும். சோர்ஸ் மானிட்டரில் இருந்தால் அதில் ஏற்றியிருக்கும் ஷாட் போகும். ப்ராஜெக்ட் பேனலில் இருந்தால் அங்கே தேர்வாகியிருப்பது போகும். இரண்டு ப்ராஜெக்டிலும் ஒரே பெயரில் சீக்வென்ஸ் இருந்தால் தவறான படம் வாடிக்கையாளர் கைக்கே போய்விடலாம். ஷிஃப்ட்+3, டேபின் பெயர், பிறகு கண்ட்ரோல்+எம். எக்ஸ்போர்ட் திரை வந்ததும் முன்தோற்றத்தையும் மொத்த நேரத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். 40 நிமிடப் படத்துக்கு 12 விநாடி என்று காட்டினால், போவது சீக்வென்ஸ் இல்லை, ஏதோ ஒரு ஷாட். அல்லது முதலில் சொன்னபடி இன், அவுட் இடம் மாறியிருக்கிறது.

இனி ப்ராஜெக்ட் அளவிலான கட்டளைகள். இப்போது எந்த ப்ராஜெக்ட் செயலில் இருக்கிறது என்று அறிய விண்டோவின் மேல் தலைப்பட்டையைப் பாருங்கள். அங்கே தெரியும் பெயர்தான் செயலில் இருக்கும் ப்ராஜெக்ட், பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது இன்னும் சேவ் ஆகவில்லை. கண்ட்ரோல்+எஸ் அந்த ஒன்றை மட்டுமே சேவ் செய்யும். மூன்று ப்ராஜெக்டில் மாறி மாறி வேலை செய்துவிட்டு ஒரு முறை கண்ட்ரோல்+எஸ் தட்டி நிம்மதியாக எழுந்து போகிறவர்கள் நிறைய. கரண்ட் போனால்தான் மற்ற இரண்டும் சேவ் ஆகவில்லை என்பது தெரியவரும். ஃபைல் மெனுவில் 'சேவ் ஆல்' என்று தனிக் கட்டளை இருக்கிறது. அதற்கு ஒரு விசையை ஒதுக்கிக்கொள்ளுங்கள். பல ப்ராஜெக்டில் வேலை செய்பவர் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. எப்படி ஒதுக்குவது என்று பிறகு சொல்கிறேன்.

கண்ட்ரோல்+டபிள்யூ ஃபோகஸில் இருப்பதை மூடும், கண்ட்ரோல்+ஷிஃப்ட்+டபிள்யூ செயலில் இருக்கும் ப்ராஜெக்டையே மூடும். பிரவுசரில் டேப் மூடிப் பழகிய விரல் இங்கேயும் அதையே செய்து, திடீரென்று ஒரு பேனல் காணாமல் போகும். பதற வேண்டாம். ஆல்ட்+ஷிஃப்ட்+0 அழுத்தினால் சேமித்து வைத்த பேனல் அமைப்பு திரும்ப வரும். சீக்வென்ஸைத் திரும்பக் கொண்டுவர ப்ராஜெக்ட் பேனலில் அதன் மேல் இரட்டைக் கிளிக் போதும். விண்டோ மெனுவில் 'ப்ராஜெக்ட்ஸ்', 'டைம்லைன்ஸ்' என்று இரண்டு துணை மெனுக்கள் உண்டு. திறந்திருக்கும் ப்ராஜெக்டுகளும் சீக்வென்ஸ்களும் அங்கே வரிசையாக இருக்கும். டேப்கள் குவிந்து தேட முடியாதபோது அங்கிருந்து நேராகப் போகலாம்.

கண்ட்ரோல்+ஐ, கண்ட்ரோல்+என் இரண்டையும் தலைப்பட்டையைப் பார்த்த பிறகே அழுத்துங்கள். இறக்குமதி செய்த ஃபைல் எங்கே போனது என்று தேடுபவர்களுக்குப் பெரும்பாலும் விடை, பக்கத்து ப்ராஜெக்டில் இருக்கிறது என்பதுதான். ஷிஃப்ட்+1, தேவையான ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தல், பிறகு கண்ட்ரோல்+ஐ. இந்த வரிசை மாறக் கூடாது.

பொது ப்ராஜெக்டைப் பாதுகாக்க எளிய வழி ஒன்று உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. ப்ராஜெக்ட் பேனலின் கீழே இடது மூலையில் சிறிய குறி ஒன்று இருக்கும். அதைக் கிளிக் செய்தால் அந்த ப்ராஜெக்ட் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய், சிவப்புப் பூட்டு தெரியும். அதன் பிறகு அதிலிருந்து கிளிப்புகளை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கை தவறி டெலிட் பட்டாலும் ப்ராஜெக்டுக்கு ஒன்றும் ஆகாது. லோகோ, டைட்டில், சவுண்ட் வைத்திருக்கும் ப்ராஜெக்டைத் திறந்த கையோடு பூட்டிவிடுங்கள். ஒரே சேமிப்பகத்தில் இருவர் வேலை செய்தால் பிரிஃபரன்சஸில் 'கொலாபரேஷன்' பகுதியில் ப்ராஜெக்ட் லாக்கிங்கையும் இயக்கி வைக்க வேண்டும்.

விண்டோ மெனுவில் 'வொர்க்ஸ்பேசஸ்' பகுதியில் 'இம்போர்ட் வொர்க்ஸ்பேஸ் ஃப்ரம் ப்ராஜெக்ட்ஸ்' என்ற தேர்வை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் வேறொருவர் சேவ் செய்த ப்ராஜெக்டைத் திறக்கும்போது அவருடைய பேனல் அமைப்பும் சேர்ந்து வந்துவிடும். கண் பழகிய இடத்தில் பேனல் இல்லாவிட்டால் ஃபோகஸ் தவறுவதும் கூடும்.

ஒரு ப்ராஜெக்டிலிருந்து இன்னொன்றுக்கு ஷாட் கொண்டுபோக மிகச் சிறந்த முறை, இரண்டு டைம்லைன்களை மேலும் கீழுமாக அடுக்கி வைப்பது. ஒரு சீக்வென்ஸின் டேபைப் பிடித்து டைம்லைன் பேனலின் மேல்பாதியில் விட்டால் பேனல் இரண்டாகப் பிரியும். மேலே முகூர்த்தத்தின் முழுநீளம், கீழே டீசர். மேலே கிளிப்பைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+சி, கீழே போக ஷிஃப்ட்+3, பிளேஹெட் இடம் பார்த்து கண்ட்ரோல்+வி. இருப்பதை விலக்கி நடுவில் நுழைக்க வேண்டுமென்றால் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி. ஒட்டும் கிளிப் எந்த ட்ராக்கில் விழும் என்பது கீழே உள்ள சீக்வென்ஸில் எந்த ட்ராக்கின் டார்கெட் (ட்ராக்கைத் தேர்ந்தெடுக்கும் குறி) நீலமாக எரிகிறது என்பதைப் பொறுத்தது. மேலே உள்ள டார்கெட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒட்டியது இசையின் மேல் போய் விழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சோர்ஸ் மானிட்டரிலிருந்து காற்புள்ளி விசையால் நுழைக்கும்போதும், முற்றுப்புள்ளி விசையால் மேலெழுதும்போதும் ஷாட் எங்கே போகும்? கடைசியாக ஃபோகஸில் இருந்த சீக்வென்ஸுக்கு. இரண்டு டைம்லைன் திறந்திருக்கும்போது இது கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஷாட் தேடிக்கொண்டே மேலே உள்ள டைம்லைனை ஒரு கிளிக் தொட்டிருப்பீர்கள். பிறகு சோர்ஸுக்கு வந்து காற்புள்ளி தட்டினால், கட் முடிந்து வைத்திருந்த முழுநீளப் படத்தின் நடுவில் ஷாட் நுழைந்து, அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் தள்ளிப்போய்விடும். உடனே கண்ட்ரோல்+இசட் தட்டத் தோன்றும். அதற்கு முன் ஷாட் விழுந்த டைம்லைனுக்கு ஃபோகஸைக் கொண்டுபோய், ஹிஸ்டரி பேனலில் கடைசி வரி அந்த வேலைதானா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். முன்கூட்டியே தடுப்பது இன்னும் எளிது. சோர்ஸுக்குப் போகும் முன் ஷிஃப்ட்+3-ஆல் எந்த சீக்வென்ஸ் என்று உறுதி செய்துவிட்டு, உடனே ஷிஃப்ட்+2. முடிந்த சீக்வென்ஸின் ட்ராக்குகளைப் பூட்டி வைப்பதும் உதவும்.

பிரிஃபரன்சஸில் டைம்லைன் பகுதியில், இன்சர்ட்டோ ஓவர்ரைட்டோ செய்தவுடன் ஃபோகஸ் டைம்லைனுக்குப் போக வேண்டுமா என்று ஒரு தேர்வு இருக்கிறது. நீண்ட ஷாட்டிலிருந்து துண்டு துண்டாக எடுத்து அடுக்குபவர்கள் அதை அணைத்து வைக்க வேண்டும். அப்போதுதான் நுழைத்த பிறகும் ஃபோகஸ் சோர்ஸிலேயே நிற்கும், அடுத்த 'ஐ', 'ஓ' சரியான இடத்தில் விழும். ஒவ்வொரு ஷாட்டையும் வைத்தவுடன் டைம்லைனில் ஓட்டிப் பார்த்து ட்ரிம் செய்பவர்கள் (ஓரத்தைக் கூட்டிக் குறைப்பவர்கள்) இயக்கி வைக்கலாம். எதுவானாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். ஒரே ஸ்டூடியோவில் இரண்டு கணினியில் இரண்டு விதமாக இருந்தால் விரல் எதையும் நம்பாது.

சாதாரண முறையில் ஒரு ப்ராஜெக்டின் கிளிப்பை இன்னொன்றின் டைம்லைனில் ஒட்டினால், அதன் மூலக் கிளிப்பும் அந்த ப்ராஜெக்டுக்குள் வந்து சேரும். ஹார்ட் டிஸ்கில் வீடியோ ஃபைல் இரட்டிப்பாகாது, அதற்கான இணைப்பு மட்டும் இன்னொன்று உண்டாகும். நாளடைவில் இது குவிந்தால் எடிட் மெனுவில் 'கன்சாலிடேட் டூப்ளிகேட்ஸ்' கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் குவியலே வேண்டாம் என்றால் 2020 ஏப்ரலில் வந்த 'புரொடக்ஷன்ஸ்' முறைக்கு மாறலாம். அதில் பல ப்ராஜெக்டுகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும், கிளிப்பின் மூலம் எந்த ப்ராஜெக்டில் இருக்கிறதோ அங்கேயே இருக்கும், மற்றவை அதைச் சுட்டி நிற்கும். அங்கே 'ரிவீல் இன் ப்ராஜெக்ட்' கட்டளை இல்லாமல் வேலை ஓடாது. டைம்லைனில் இருக்கும் கிளிப் எந்த ப்ராஜெக்டிலிருந்து வந்தது என்று அதுதான் திறந்து காட்டும். அதற்கும் ஒரு விசை ஒதுக்குங்கள்.

விசை ஒதுக்க கண்ட்ரோல்+ஆல்ட்+கே. திறக்கும் திரையில் கீபோர்டின் படம் இருக்கும். ஊதா நிறத்தில் இருக்கும் விசைகள் மென்பொருள் முழுக்கச் செல்லுபடியாகும். பச்சை நிறத்தில் இருப்பவை ஒரு குறிப்பிட்ட பேனல் ஃபோகஸில் இருந்தால் மட்டுமே. இரண்டு நிறமும் சேர்ந்திருந்தால் ஒரே விசைக்கு இரண்டு வேலை உண்டு, அந்த பேனல் ஃபோகஸில் இருக்கும்போது பேனலின் வேலைதான் நடக்கும். 'இந்த ஷார்ட்கட் சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்வதில்லை' என்ற புகாருக்கு விடை பெரும்பாலும் இந்த இருநிற விசைகளில் இருக்கும். கட்டளைப் பட்டியலின் மேல் இருக்கும் மெனுவில் ஒவ்வொரு பேனலாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் எந்த பேனல் எந்த விசையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியும். தேடும் பெட்டியில் கட்டளையின் பெயரைக் கொடுத்து, அதைப் பிடித்து காலியான விசையின் மேல் விட்டால் போதும். அந்த விசை ஏற்கெனவே வேறு கட்டளைக்கு இருந்தால் கீழே எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் ஓகே கொடுத்தால் பழைய ஷார்ட்கட் போய்விடும். சேவ் ஆல், ரிவீல் இன் ப்ராஜெக்ட், நிறம் திருத்தும் லூமெட்ரி கலர் பேனல் என்று உங்களுக்கு அன்றாடம் தேவையானவற்றை ஒதுக்கிவிட்டு, 'சேவ் அஸ்' கொடுத்து உங்கள் பெயரில் சேமியுங்கள். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் அடோபி, பிரீமியர் புரோ, பதிப்பு எண், ப்ரொஃபைல் என்று உள்ளே போனால் 'வின்' என்ற ஃபோல்டரில் கேஒய்எஸ் என்று முடியும் ஃபைல் இருக்கும். வேறு கணினிக்குப் போகும்போது அதை அங்கே அதே இடத்தில் போட்டால் உங்கள் விசைகள் அப்படியே கிடைக்கும்.

ஃபோகஸ் சரியாக இருந்தும் விசை வேலை செய்யாவிட்டால் முதலில் எழுத்துப் பெட்டி எதிலாவது கர்சர் துடிக்கிறதா என்று பாருங்கள். எஃபெக்ட்ஸ் பேனலின் தேடும் பெட்டியிலோ, டைட்டிலுக்குள்ளோ கர்சர் நின்றால் 'சி', 'வி' எல்லாம் எழுத்தாகத்தான் விழும். டைட்டில் எழுதி முடித்ததும் ஷிஃப்ட்+3 உதவாது, முதலில் எஸ்கேப் அழுத்தி வெளியே வந்து, பிறகு தேர்வுக் கருவிக்கு 'வி'. தமிழில் சப்டைட்டில், டைட்டில் போடுபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தட்டச்சு தமிழ் 99-லோ ஒலிபெயர்ப்பு முறையிலோ அப்படியே நின்றிருந்தால் 'ஜே', 'கே', 'எல்', 'கியூ' போன்ற ஒற்றை எழுத்து விசைகள் பிரீமியருக்குப் போய்ச் சேராமல் போகலாம். விண்டோஸ் விசை+ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். தனி தட்டச்சு மென்பொருள் இருந்தால் அதையும் அணையுங்கள். ஆல்ட்+இசட் போன்ற விசைகளை நீங்கள் ஒதுக்கியும் வேலை செய்யாவிட்டால், என்விடியா கிராஃபிக்ஸ் கார்டின் ஓவர்லே மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஓவர்லேயை அணைத்துப் பாருங்கள்.

டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். அங்கே ஃபோகஸ் காட்டும் கோட்டை பிரிஃபரன்சஸில் யூசர், யூஐ செட்டிங்ஸ் பகுதியில் இயக்கிக்கொள்ளலாம். வொர்க்ஸ்பேஸ் மெனுவில் 'ஆக்டிவ் பேனல் செலக்ஷன்' என்ற இடத்தில் பேனல்களுக்கான விசைகள் இருக்கின்றன. சோர்ஸுக்கும் டைம்லைன் வியூவருக்கும் மாற 'கியூ'. ஒரு ப்ராஜெக்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, ப்ராஜெக்ட் மேனேஜரில் வலது கிளிக் செய்து 'டைனமிக் ப்ராஜெக்ட் ஸ்விட்சிங்' இயக்கினால் மேலே ப்ராஜெக்ட் பெயரைக் கிளிக் செய்து மாறிக்கொள்ளலாம். அங்கே ஒரு நேரத்தில் ஒரு ப்ராஜெக்ட்தான் திரையில் இருக்கும். ஷாட்டைத் தவறான ப்ராஜெக்டில் நுழைக்கும் ஆபத்து அதனால் குறைவு, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து எடுக்கும் வசதியும் அதனால் இல்லை.